காலேஜா, நிலமா? அடைக்கலம் ஐயா வீட்டில் நடந்தது

போன வாரம் உங்கள் அலுவலகக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். புதிதாக ரியல் எஸ்டேட்டுக்கு வந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்து கேட்டாள். "மேடம், நெலம் வாங்கி விக்கிறதுக்குக் காலேஜ் எதுக்கு? அந்த ஃபீஸுல ஒரு மனை வாங்கிப் போட்டா, டிகிரி முடியுறதுக்குள்ள அது நல்ல வெலைக்கு வந்துருமே." எல்லாரும் கைதட்டினீர்கள். படிப்பு யாரையும் கைவிடாது என்று ஏதோ ஒப்புக்குச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. நான் பி.காம். படித்தவள். அன்னவாசலிலிருந்து கறம்பக்குடி வரைக்கும் இடம் பார்த்து, பேசி, முடித்துக் கொடுத்தே வயதாகிவிட்டது. படிப்பு எனக்குக் கைகொடுத்த நாட்கள் உண்டு. பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் என்னைவிட நல்ல இடமாகப் பிடித்த நாட்களும் உண்டு. அவற்றை வைத்து வாதாடினால் விடிய விடிய வாதாடலாம். அதனால் ஒரே ஒரு காலையில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதில் வருகிற அம்மா இப்போது இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

யோகேஷ் ஜெகதாப்பட்டினத்துப் பையன். அவன் அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருந்தது. எல்லை தாண்டியதாக ஒரு முறை பிடிபட்டு, மாதக்கணக்கில் அண்டை நாட்டுச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு மகனைக் கடல் பக்கமே விடக்கூடாது என்று திருச்சிப் பக்கம் ஒரு எஞ்சினியரிங் காலேஜில் சேர்த்தார். இவன் இரண்டு வருடம் படித்தான். மூன்றாம் வருடம் ஃபீஸ் கட்டும் நேரத்தில் போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டான். செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, நிலம் வாங்கி விற்பதுதான் தன் தொழில் என்று முடிவு செய்திருந்தான்.

என்னைப் பார்க்க வந்தபோது, படிப்பை முடித்துவிட்டு வரலாமே என்று கேட்டேன். அங்கே சொல்லித் தருவது எதுவும் இங்கே உதவாது, கூடப் படித்தவர்கள் வேலை தேடி அலையும்போது தன்னிடம் நாலு இடம் இருக்கும் என்றான். எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை. பையன் கெட்டிக்காரன். ஒரு தரையில் பத்து நிமிடம் நின்றால் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவான். பேச்சில் பணிவு. பொய் சொல்லத் தெரியாத முகம். இவன் தேறுவான் என்று நினைத்தேன். அவன் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். படகில் இருந்த பங்கை விற்று மகன் கையில் கொடுத்தார்.

அவனுக்காக நான் பார்த்த முதல் இடம் அன்னவாசலுக்குப் பக்கத்தில், அடைக்கலம் ஐயாவுடையது. ஐயா கல்லுடைத்துச் சம்பாதித்து வாங்கிய மேட்டு நிலம். தார் ரோடு பக்கத்தில் வந்த பிறகு அதற்கு மவுசு கூடியிருந்தது. ஐயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். மூன்று பிள்ளைகள். மூத்தவர் பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு பட்டம் வாங்கியவர். இளையவன் முருகேசன் லோடு ஆட்டோ ஓட்டினான். கடைசி மகள் சுமதி தானாக ஒருவரைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனவள். அண்ணன்கள் அவளோடு பேசுவதில்லை.

அக்ரிமென்ட் போட்ட அன்று ஐயா எங்கள் முன்னால் வைத்தே சொன்னார். "வார காசுல சுமதிக்கும் ஒரு பங்கு உண்டு. அது என் புள்ள." வாத்தியார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். முருகேசன் தரையைப் பார்த்தான். ஐயாவின் மனைவி வள்ளிக்கண்ணு அம்மா எங்களுக்கு மறுபடியும் காபி கொண்டுவந்து வைத்தார். யோகேஷ் அட்வான்ஸ் கொடுத்தான். பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தோம்.

பதிவு அன்று காலை நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாத்தியாரிடமிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் முடியவில்லை, ஆபீசுக்கு வர முடியாது, நீங்களும் தம்பியும் மட்டும் வீட்டுக்கு வாருங்கள் என்றார். வேறு யாரையும் கூட்டிவர வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். சார்பதிவாளரையே வீட்டுக்கு வரச் சொல்லி மனுக் கொடுக்கலாம், அதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போதே டிவி சத்தம் கேட்டது. சினிமாப் பாட்டு. உடம்பு முடியாதவர் இருக்கிற வீட்டில் இவ்வளவு சத்தமாக வைப்பார்களா என்று யோகேஷ் என்னிடம் கேட்டான். கதவு சாத்தியிருந்தது. தட்டினோம். முருகேசன் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து எங்களை உள்ளே விட்டு, மறுபடி தாழ்ப்பாள் போட்டான்.

ஐயா கட்டிலில் படுத்திருந்தார். கழுத்து வரைக்கும் போர்வை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் வள்ளிக்கண்ணு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்திருந்தார். பல்வலியோ என்னவோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

யோகேஷ் பெரியவர்களைப் பார்த்தால் காலைத் தொடும் பழக்கம் உள்ளவன். "ஐயா, என்ன செய்யுது ஒடம்புக்கு?" என்று கேட்டுக்கொண்டே போர்வைக்கு வெளியே இருந்த பாதத்தைத் தொட்டான். தொட்ட கையை அப்படியே பின்னால் இழுத்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

வாத்தியார் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "விடியக்காலம் போயிட்டாரு மேடம்" என்றார். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி.

நான் சாவு வீடு பார்க்காதவள் இல்லை. ஒரு மனிதர் இறந்து கிடக்கிற வீட்டில் பாட்டு ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். கால் விரல்களைக் கட்டவில்லை, நாடி கட்டவில்லை, ஒரு விளக்கு ஏற்றவில்லை. அந்த அம்மா ஏன் வாயில் துணி வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. அழக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அழுதால் தெரு கூடிவிடும். விடிந்ததிலிருந்து புருஷன் தலைமாட்டில் அந்த அம்மா அப்படி உட்கார்ந்திருக்கிறார்.

வாத்தியார் நிதானமாக விளக்கினார். வகுப்பில் பாடம் நடத்துகிற குரல்தான். பத்திரம் இனி நடக்காது. வாரிசு என்று போனால் அம்மா, அண்ணன் தம்பி, சுமதி என்று நாலு பேர் கையெழுத்து வேண்டும். சுமதி வீம்புக்காவது போட மாட்டாள். நிலம் கோர்ட்டுக்குப் போகும், யோகேஷ் கொடுத்த அட்வான்ஸும் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒரு வழி யோசித்திருப்பதாகச் சொன்னார். "உயிலைப் பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல மேடம். அப்பா கைநாட்டும் ரெண்டு சாட்சியும் இருந்தாப் போதும். நேத்துத் தேதி போட்டுருக்கேன். எங்க ரெண்டு பேருக்கும் எழுதி வச்ச மாதிரி. நீங்களும் தம்பியும் சாட்சி போட்டுட்டா, பேசின வெலைக்கே நாங்க தம்பிக்கு எழுதிக் குடுத்துருவோம்."

ஸ்டூலின் மேல் மை டப்பா திறந்து இருந்தது. பக்கத்தில் டைப் அடித்த காகிதம். கட்டிலின் ஓரத்தில் ஐயாவின் வலது கையை ஏற்கெனவே போர்வைக்கு வெளியே எடுத்து வைத்திருந்தார்கள்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்த யோசனை படிக்காத முருகேசனுக்கு வரவில்லை. உயிலுக்கு எத்தனை சாட்சி வேண்டும், எது பதிவாக வேண்டும், எது வேண்டாம் என்பதெல்லாம் படித்தவருக்குத்தான் தெரிந்திருந்தது. இரண்டு பட்டமும் அந்தக் காலையில் அதற்குத்தான் உதவின. எனக்கும் அந்தச் சட்டம் தெரியும். உயில் பொய்தான், ஆனால் விதிகளைப் பற்றி அவர் சொன்னதில் பிழை ஒன்றுகூட இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கடுத்து வந்தது இன்னும் பெரிய அதிர்ச்சி. யோகேஷ் என் பக்கத்தில் வந்து, காதுக்குள் பேசுகிற மாதிரி சொன்னான். "அக்கா, ரெண்டு கையெழுத்துதானக்கா. ஐயாவுக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

அவன் கண் கலங்கியிருந்தது. பாதத்தைத் தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். ஆனாலும் சொன்னான். அவன் அப்பாவின் படகுப் பங்கு மொத்தமும் அந்த நிலத்தை நம்பித்தான் இருந்தது. ஜெகதாப்பட்டினத்துக்கு வெறுங்கையோடு எப்படிப் போவான்? எனக்கு அது தெரிகிறது. இருந்தும் அந்த முகத்திலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கெட்டவர்கள் தப்பு செய்வதைப் பார்த்துப் பழகிவிடலாம். நல்ல பிள்ளை ஒருவன், அழுதுகொண்டே, சரி என்று சொல்வதைப் பார்க்கத்தான் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

என்ன செய்வது என்று யோசிக்க எனக்குக் கிடைத்தது அந்த ஒரு பாட்டு ஓடி முடிகிற நேரம்தான். முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே போகலாம். போனால் முருகேசன் இரண்டு கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவான். போலீசுக்குச் சொல்கிறேன் என்று மிரட்டலாம். கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, மூன்று ஆண்களும் நிலை தவறி நிற்கிறார்கள். வாத்தியாரோடு சட்டம் பேசலாம். அவர் என்னைவிட நன்றாகப் பேசுவார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. உள்ளே வந்ததிலிருந்து நாங்கள் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போய் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஆத்தா, சுமதிக்கும் இல்ல, ஒங்களுக்கும் இல்ல, மகனுக ரெண்டு பேருக்கு மட்டும்னு ஐயா சொன்னதா எழுதப் போறாக. ஒங்களுக்குச் சம்மதமா?"

வாத்தியார், அம்மாவை ஏன் இழுக்கிறீர்கள் என்று எழுந்தார். நான் திரும்பவில்லை. அம்மா என்னையே பார்த்தார். பிறகு வாயிலிருந்து துணியை எடுத்தார். பங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூத்த மகனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"சுமதிக்குப் போன் போட்டியாப்பா?"

"அப்புறம் போட்டுக்கலாம்மா."

"அப்பன் செத்தது அதுக்கு இன்னும் தெரியாதா?"

அந்த அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஐயாவின் நெஞ்சில் விழுந்து அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. விடிந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்தது. டிவி சத்தம் அதற்குள் காணாமல் போய்விட்டது. வெளியே ஓடி வருகிற காலடிகள், பிறகு கதவைத் தட்டுகிற சத்தம். முருகேசன்தான் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தான். பெண்கள் உள்ளே வந்து விழுந்தார்கள். யாரோ டிவியை நிறுத்தினார்கள். மை டப்பாவை யோகேஷ் எடுத்து மூடுவதைப் பார்த்தேன்.

வாத்தியார் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அது நடிப்பு இல்லை. அதுவரைக்கும் அவரும் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நாங்கள் உடனே கிளம்பவில்லை. சுமதிக்கு நான்தான் போன் செய்தேன். அவள் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது அழைத்துவர யோகேஷ் போனான். போகிறேன் என்று அவனாகவே கேட்டான். வழியில் அவள் கேட்டிருக்கிறாள், அப்பா கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று. இவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "நெலம் வித்தா ஒங்களுக்கும் ஒரு பங்கு குடுக்கணும்னு எங்க முன்னாடி சொன்னாருக்கா. அது என் புள்ளன்னாரு" என்று சொல்லியிருக்கிறான். அவள் பங்கு கேட்டால் அண்ணன்கள் இழுத்தடிப்பார்கள், தன் கைக்கு அந்த நிலம் வராமல் போக அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தே சொல்லியிருக்கிறான்.

ஐயாவை எடுத்துக்கொண்டு காடு போய் வந்த பிறகு வள்ளிக்கண்ணு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காலையில் நடந்தது சுமதிக்குத் தெரிய வேண்டாம் என்றார். "மூணும் நான் பெத்ததுதானம்மா. நான் இருக்க மட்டும் ஒண்ணா இருக்கட்டும்." அவர் இருந்தவரைக்கும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது, புதுக்கோட்டை நெருங்கையில் யோகேஷ் கேட்டான். "அக்கா, நான் காலேஜ முடிச்சிருந்தா, வேணாம்னு சொல்லிருப்பேனா?"

தெரியவில்லை என்றேன். வாத்தியார் இரண்டு தடவை முடித்தவர்தானே. அவனும் தலையாட்டினான். பிறகு அவனாகவே யோசித்து யோசித்துச் சொன்னான். "அங்க நான் தப்பு பண்ணா அரியர் விழும். அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம். இங்க அப்படி இல்லைல்லக்கா?"

நான் இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்து, காலேஜுக்கு ஆதரவாகக் கேட்ட ஒரே நல்ல வாதம் அதுதான். பாடம் அங்கேயும் கிடைக்கும், இங்கேயும் கிடைக்கும், உங்கள் செல்போனிலும் கிடைக்கும். ஆனால் இருபது வயதில் ஒருவன் தான் யார் என்று தெரிந்துகொள்ளத் தப்பு செய்தே ஆகவேண்டும். அந்தத் தப்பை எங்கே வைத்துச் செய்வது என்பதுதான் கேள்வி. காலேஜில் செய்தால் அவன் மட்டும் மறுபடி எழுதுவான். நம் தொழிலில் செய்தால் சுமதி மாதிரி யாரோ ஒருத்தி அதைச் சுமப்பாள். அதற்கு மறுதேர்வு கிடையாது.

அவன் வீட்டில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். தான் சொன்ன அந்த வார்த்தையையும் சேர்த்து. அப்பா, காலேஜில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டாராம். சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருடம் பின்தங்கி, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தான்.

இதில் உங்களிடம் ஒரு பக்கத்தை மறைக்கக்கூடாது. காலேஜுக்குப் போனதில் அவனுக்கு நட்டம்தான். அட்வான்ஸ் இழுத்து இழுத்துத்தான் திரும்பி வந்தது. வாரிசுகள் நாலு பேரும் ஒருவழியாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டபோது இவன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். நிலம் வேறு ஆள் கைக்குப் போனது. இன்று அந்தப் பக்கம் போனால் வரிசையாக வீடுகள். உங்கள் கணக்குப்படி அந்தத் தங்கை சொன்னதுதான் சரி. யோகேஷ் இப்போது மணமேல்குடிப் பக்கம் சொந்தமாக மனை போட்டு விற்கிறான், நன்றாகவே இருக்கிறான். அந்த நிலம் போனதில் வருத்தம் இல்லை என்பான். முழுசாக நான் நம்புவதில்லை. ஆனால் அவன் ஒரு இடம் நல்லது என்று சொன்னால், நானே கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் வாத்தியார் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், முடி முழுக்க நரைத்துவிட்டது. என்ன விஷயம் என்று கேட்டேன். மகன் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான், ரியல் எஸ்டேட்தான் பண்ணுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், காலேஜுக்கு அனுப்புவதா, அந்தக் காசில் ஒரு இடம் வாங்கிக் கொடுப்பதா, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். இத்தனை பேரை விட்டுவிட்டு என்னிடம் வந்து கேட்கிறார்.

"அன்னைக்குக் காலையில வீட்டுல நடந்தத அவன்கிட்டச் சொல்லிருக்கீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொதல்ல அதச் சொல்லுங்க சார். சொன்னதுக்கப்புறம் அவனையே கேளுங்க, காலேஜா நெலமான்னு."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, சொல்லிப் பார்க்கிறேன் என்று போனார்.